காசிக்குப் போகிறவர்கள் புத்தரையும் பார்த்து வர: பீடோங்கிலிருந்து ஒரு வழி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், செமெலிங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் காசிக்குப் போய் வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பெற்றோருக்குத் திதி கொடுக்க, கங்கையில் முழுக, அப்படியே கயாவில் பிண்டம் வைக்க என்று போவார்கள். கயா விஷ்ணுபாதம் கோயிலிலிருந்து புத்தர் ஞானம் பெற்ற புத்தகயா பன்னிரண்டு கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். காசியிலிருந்து அவர் முதல் உபதேசம் செய்த சாரநாத் பத்து கிலோமீட்டர். ஆனால் குழுவாகக் கூட்டிப்போகும் பேருந்து இந்த இரண்டு இடங்களிலும் அரை மணி நேரம் நின்றால் அதிகம். இறங்கினோம், படம் எடுத்தோம், ஏறினோம் என்று முடிந்துவிடும்.

அந்த அரை மணி நேரம் போதாது என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் புத்த மதத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. என் கருத்து ஒன்றே ஒன்று: இடங்களைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, போகிற ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரவாவது தங்குங்கள். விடியற்காலையும் மாலையும்தான் அந்த இடங்களுக்கு உரிய நேரம். பகல் பதினொரு மணிக்குப் பேருந்துகளோடு பேருந்தாகப் போய் இறங்கினால் கூட்டத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

எந்தெந்த இடங்கள்

புத்தர் தம் கடைசி நாட்களில், பக்தியுள்ளவர்கள் காண வேண்டியவை என்று நான்கு இடங்களைச் சொன்னதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன: பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற புத்தகயா, முதல் உபதேசம் செய்த சாரநாத், மறைந்த குசிநகர். இதில் லும்பினி நேபாளத்தில் இருக்கிறது. மற்ற மூன்றும் இந்தியாவில், பீகார், உத்தரப்பிரதேச மாநிலங்களில். ராஜகிருகம், வைசாலி, சிராவஸ்தி, சங்காசியா ஆகியவற்றையும் சேர்த்து எட்டு என்பார்கள். முதல் முறை போகிறவர்கள் எட்டையும் பிடிக்கப் பார்க்க வேண்டாம். நான்கும், வழியில் ராஜகிருகமும் நாளந்தாவும் போதும். பத்து முதல் பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும்.

முதலில் மெர்போக்குக்குப் போங்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். பீடோங்கிலிருந்து காடியில் பக்கம்தான். நாம் ரப்பர் பால் வெட்டிய, செம்பனைக் குலை அறுத்த இந்த மண்ணில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புத்தரை வணங்கியவர்கள் இருந்தார்கள். பக்கத்துச் செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் புத்தகுப்தன் என்ற மாலுமி, கடல் பயணம் நல்லபடி அமைய வேண்டிக்கொண்டு ஸ்தூபி உருவத்தோடு பொறித்து வைத்த கல் அது. பல்லவ எழுத்து, சமஸ்கிருத மொழி. இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை என்ற பௌத்த மடத்தைக் கட்டியவரும் நம் கடாரத்து, அதாவது இன்றைய கெடாவின், அரசர்தான். அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் எழுதி வைத்தான். சோழர் செப்பேடு அந்த அரசரைக் 'கிடாரத்தரையன்' என்கிறது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போனால், புத்தகயா அவர்களுக்கு அந்நிய இடமாக இருக்காது.

அப்புறம், பக்கத்தில் உள்ள சயாமிய (தாய்லாந்து) புத்தக் கோயில் ஒன்றுக்கோ, பினாங்கில் உள்ள மகிந்தராமா விகாரைக்கோ ஒரு முறை போய் அங்குள்ள பிக்குவிடம் பேசுங்கள். எப்படி வணங்குவது, என்ன ஓதுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். 'புத்தம் சரணம் கச்சாமி' என்று தொடங்கும் மூன்று சரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். அங்கே எந்த நாட்டுக் குழு ஓதினாலும் கூடவே சொல்ல முடியும்.

காகித வேலைகள்

பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும். புதுப்பிக்க 200 வெள்ளி (ரிங்கிட்); 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 100 வெள்ளி.

இந்தியாவுக்கு மின்விசா. அரசாங்கத்தின் இணையத்தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் பல உண்டு, அவை கூடுதல் பணம் வாங்கிவிடும். படிவம் நீளமானது. அப்பா அம்மா பிறந்த ஊரைக் கேட்கும். தோட்டத்தில் பிறந்தவர்களென்றால் பிறப்புப் பத்திரத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இந்தியாவில் ஒரு முகவரியும் கேட்கும். முதல் இரவு தங்கும் விடுதியின் முகவரியைக் கொடுத்தால் போதும்.

நம் ஆட்களுக்கு வரும் பெரிய தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் மகன், மகள் என்பதைக் குறிக்க ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். பல படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. கோட்டை எடுத்துவிட்டு எழுதுகிறீர்களா, 'ஏ/எல்' என்பதையே விட்டுவிடுகிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்து விசா, விமானம், ரயில் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். வீட்டில் நான்கு பேர் போனால் நான்கு பேருக்கும் ஒருவரே உட்கார்ந்து நிரப்புவது நல்லது. விசா அனுமதித் தாளை அச்சடித்து ஆளுக்கு இரண்டு பிரதி வைத்திருங்கள்.

நேபாளத்துக்கு மலேசியர்கள் எல்லையிலேயே விசா வாங்கலாம். 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர். கையில் டாலர் நோட்டாகவே வைத்திருங்கள், இரண்டு பாஸ்போர்ட் அளவு படமும் வேண்டும்.

எப்போது, எந்த வழியாக

அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடிய, அல்லது பிப்ரவரி. டிசம்பர் பள்ளி விடுமுறையில் போக எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் டிசம்பர் பாதிக்கு மேல் ஜனவரி முடியும்வரை கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி. ரயில் ஐந்து மணி நேரம், பத்து மணி நேரம் தாமதமாவது அங்கே சாதாரணம். குளிரும் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். கெடாவில் மழைக்காலத்தில் போர்த்துகிற போர்வை அதற்கு ஈடுகொடுக்காது. விசாக தினத்தன்று புத்தகயாவில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நாற்பது டிகிரி வெயிலுக்குத் தயாராகப் போக வேண்டும். வயதானவர்களை மே மாதத்தில் கூட்டிப்போகாதீர்கள்.

வழியை இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள்: கோலாலம்பூரிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து ரயிலில் கயா, பிறகு காசியும் சாரநாத்தும், கோரக்பூர் வழியாகக் குசிநகர், எல்லை தாண்டி லும்பினி, கடைசியில் காத்மாண்டுவிலிருந்து கோலாலம்பூர். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இந்திய மின்விசாவை வைத்துக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கலாம், தரை எல்லை வழியாக வெளியேறலாம். ஆனால் தரைவழியாக உள்ளே வர எல்லா எல்லையிலும் விடமாட்டார்கள். லும்பினியை நடுவில் வைத்து மறுபடி இந்தியாவுக்குத் திரும்புகிற மாதிரித் திட்டம் போட்டால் எல்லையில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. லும்பினியைக் கடைசியில் வைத்துவிட்டால் அந்தக் கவலையே கிடையாது.

கொல்கத்தாவில் ஒரு நாள் ஓய்வு வையுங்கள். இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் ஸ்தூபியின் கல்வேலி இருக்கிறது, கிறிஸ்துவுக்கு இரு நூற்றாண்டுகள் முந்தியது. புத்தரை உருவமாகச் செதுக்காமல் மரம், சக்கரம், பாதச்சுவடு இவற்றால் மட்டுமே காட்டியிருப்பார்கள். போகப்போகிற இடங்களின் கதையெல்லாம் அந்தக் கல்லிலேயே இருக்கும். திங்கட்கிழமை விடுமுறை.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், கயா வண்டிகள் சீக்கிரம் நிறைந்துவிடும். மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி நமக்குப் போதுமானது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள்.

கையிருப்பு, பெட்டி

ரிங்கிட்டைப் பீகாரில் மாற்றுவது கடினம். டாலராகக் கொண்டுபோய்க் கொல்கத்தாவில் மாற்றிக்கொள்ளுங்கள். சில்லறை நோட்டுகள் நிறைய வேண்டும். நேபாளப் பக்கம் கடக்கும்போது கையில் மிஞ்சிய இந்தியப் பணம் நூறு ரூபாய் நோட்டாக இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. விமான நிலையத்தில் வரியில்லாமல் கிடைக்கிறதே என்று ஒரு போத்தல் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பிடிபட்டால் கைதுவரை போகும், வெளிநாட்டுக்காரர் என்று விடமாட்டார்கள். குழுவில் வரும் மாமாக்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் சீட்டோடு. காலுறை இரண்டு மூன்று ஜோடி கட்டாயம். செருப்பைக் கழற்றிவிட்டு விடியற்காலை பளிங்குத் தரையில் நடக்க வேண்டியிருக்கும். லும்பினிக்குக் கொசு மருந்து. விகாரை விடுதியில் தங்குவதென்றால் நெத்திலி சம்பல் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை.

புத்தகயா: மூன்று இரவு

கயா ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம். இரவு நேரத்தில் வந்து இறங்கினால் விடுதியிலேயே வண்டி சொல்லிவைத்துவிடுங்கள். மியன்மார், தாய்லாந்து, பூட்டான், ஜப்பான் என்று பல நாட்டு விகாரைகள் அங்கே உண்டு. சிலவற்றில் யாத்திரிகர்கள் தங்கலாம். அறை எளிமையாக இருக்கும், கோயிலுக்கு நடந்தே போகலாம்.

மகாபோதி கோயில் காலை ஐந்து மணிக்குத் திறக்கும். அந்த ஐந்து மணிக்கே வாசலில் நில்லுங்கள். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் காப்பக வரிசையில் நிற்க வேண்டாம். கைப்பேசி இல்லாததுதான் அங்கே கிடைக்கிற முதல் நன்மை என்று எனக்குத் தோன்றும்.

படியிறங்கினால் நேரே ஏறக்குறைய 50 மீட்டர் உயரக் கோபுரம். உள்ளே கருவறையில் பொன் பூசிய புத்தர், வலக்கை பூமியைத் தொட்டபடி. வணங்கிவிட்டு வெளியே வந்து வலம் வாருங்கள். கோபுரத்துக்குப் பின்புறம், மேற்கே, போதிமரம். அடிமரத்துக்கும் கோபுரச் சுவருக்கும் நடுவில் வஜ்ராசனம் என்ற கல் பீடம், அசோகர் வைத்ததாகச் சொல்வார்கள். இப்போதுள்ள மரம் பழைய மரத்தின் வழி வந்தது. 1876-இல் முதிய மரம் சாய்ந்தபின், 1881-இல் கன்னிங்காம் என்ற தொல்லியலாளர் அதன் கன்றை நட்டார். நம் ஊர்ப் பிள்ளையார் கோயில் அரச மரத்தைச் சுற்றிப் பழகியவர்களுக்கு அந்த இலையின் சலசலப்பு புதிதில்லை.

மரத்தடியில் ஓரமாக ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். ஒரு பக்கம் இலங்கைக்காரர்கள் வெள்ளை உடுத்திப் பாலியில் ஓதுவார்கள். இன்னொரு பக்கம் திபெத்தியர்கள் பலகையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள், கையில் கட்டிய துணி பலகையில் சரசரவென்று உரசும். இலை ஒன்று விழுந்தால் நாலைந்து பேர் எழுந்து எடுக்கப் போவார்கள். விழுந்த இலையை எடுக்கலாம், பறிக்கக் கூடாது. வெளியே பிள்ளைகள் விற்கிற இலையை வாங்க வேண்டிய தேவையில்லை.

நம் கோயில் பழக்கத்தில் சிலவற்றை இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். தேங்காய் உடைப்பது, கற்பூரம் ஏற்றுவது வேண்டாம். பூவும் பழமும் கொடுக்கலாம். விளக்கு, ஊதுவத்திக்கென்று ஒதுக்கிய இடம் உண்டு. புத்தருக்கு நேரே கால் நீட்டி உட்காராதீர்கள். பெண்கள் பிக்குவின் கையில் நேரடியாக எதையும் கொடுக்காமல் தட்டிலோ துணியிலோ வைத்துக் கொடுப்பது முறை. பிக்குவைப் 'பந்தே' என்று அழைக்கலாம்.

ஞானம் பெற்றபின் புத்தர் ஏழு வாரம் அங்கேயே இருந்தார். ஒவ்வொரு வாரத்துக்கும் வளாகத்தில் ஓர் இடம் குறித்திருக்கிறார்கள். நடந்ததாகச் சொல்லும் பாதையில் கல் தாமரைகள் வரிசையாக இருக்கும். தெற்கே குளத்தின் நடுவில் முசலிந்த நாகம் படம் விரித்துப் புத்தருக்கு மழை மறைக்கிற சிலை. அவசரமில்லாமல் ஏழையும் பாருங்கள்.

தெருவில் தாங்களாகவே வந்து பேச்சுக் கொடுக்கும் வழிகாட்டிகள், "எங்கள் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்" என்று அழைப்பவர்கள் இருப்பார்கள். கொடுக்க மனமிருந்தால் கோயில் உண்டியலில் போட்டு ரசீது வாங்குங்கள்.

கயாவில் பிண்டம் வைக்கிறவர்கள் அதற்கு ஒரு காலைப் பொழுதைத் தனியாக ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே காலையில் திணித்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

ஒரு நாள் வாடகை வண்டியில் ராஜகிருகமும் நாளந்தாவும். விடியற்காலையில் கிளம்பினால்தான் முடியும். ராஜகிருகத்தில் கம்பிவட ஊர்தியில் சாந்தி ஸ்தூபிக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி நடந்தால் கழுகுமலை உச்சி. புத்தர் பல உபதேசங்கள் செய்த பாறை அது. நாளந்தாவில் செங்கல் அறைகளின் ஊடே நடக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணத்தீபத்து அரசர் பாலபுத்திரதேவர் அங்கே ஒரு விகாரை கட்டினார். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மரபைச் சேர்ந்தவர் அவர். நம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் அங்கே போய்ப் படித்திருக்கிறார்கள்.

தொல்லியல் துறை இடங்களில் இந்தியர்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு. நம் முகத்தைப் பார்த்து உள்ளூர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரியான கட்டணத்தையே செலுத்துங்கள். புண்ணியத்துக்குப் போன இடத்தில் பொய் எதற்கு.

சாரநாத்

காசியில் தங்குகிறவர்களுக்கு அனுமன் காட் பக்கம் தமிழ்ப் பேச்சு காதில் விழும், நகரத்தார் சத்திரத்தில் நம் சாப்பாடு கிடைக்கும். பல நாள் சப்பாத்திக்குப் பிறகு சோறும் ரசமும் பார்த்தால் வயதானவர்களுக்குத் தெம்பு வந்துவிடும். ஆனால் ஓர் இரவை சாரநாத்திலேயே கழியுங்கள். காசியின் இரைச்சலுக்குப் பிறகு அந்த மான் பூங்காவின் அமைதி உடம்புக்கே தெரியும்.

தாமேக் ஸ்தூபி 43.6 மீட்டர் உயரம். ஐந்து சீடர்களுக்குப் புத்தர் முதன்முதலாக உபதேசித்த இடம் என்று வணங்குகிறார்கள். அடிப்பகுதிக் கல்லில் கொடியும் பூவுமாகச் செதுக்கிய பட்டையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அருங்காட்சியகத்தில் அசோகரின் நான்கு சிங்கம் இருக்கிறது. இந்தியாவின் அரசுச் சின்னம் அதுதான். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், எனவே நாளைப் பார்த்துத் திட்டமிடுங்கள். மாலையில் மூலகந்தகுடி விகாரைக்குப் போங்கள். இலங்கையின் அநகாரிக தர்மபாலர் முயற்சியில் 1931-இல் திறக்கப்பட்டது. உள்ளே சுவர் முழுக்க ஜப்பானிய ஓவியர் வரைந்த புத்தர் வரலாறு.

குசிநகர்

கோரக்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பினாங்கு புலாவ் திக்குஸ் சயாமியக் கோயிலின் 33 மீட்டர் சயன புத்தரைப் பார்த்த கண்ணோடு போனால், இங்குள்ள 6.1 மீட்டர் சிலை சின்னதாகத் தோன்றலாம். ஆனால் இது ஐந்தாம் நூற்றாண்டுச் சிலை, மறைந்த இடத்திலேயே கிடக்கிறது. தலைமாட்டில், நடுவில், கால்மாட்டில் நின்று முகத்தைப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒவ்வொரு பாவம். காவித்துணி போர்த்துவது வழக்கம், குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். தகனம் நடந்த ராமபார் ஸ்தூபி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி.

எல்லையும் லும்பினியும்

சுனௌலி எல்லையில்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். இந்தியர்களும் நேபாளிகளும் பாஸ்போர்ட் இல்லாமலே நடந்து கடப்பார்கள். நம்மையும் இந்தியர் என்று நினைத்து யாரும் நிறுத்தமாட்டார்கள். இந்தியக் குடிநுழைவு அலுவலகம் கடைகளுக்கு நடுவே கண்ணில் படாதபடி இருக்கும். கேட்டுத் தேடிப் போய் வெளியேறும் முத்திரையை வாங்குங்கள். பிறகு வளைவைத் தாண்டி நேபாள அலுவலகத்தில் விசாவும் நுழைவு முத்திரையும். இரண்டு முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் காத்மாண்டு விமான நிலையத்தில் பெரும் பிரச்சினையாகும். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளுங்கள். நேபாள நேரம் இந்தியாவுக்கு 15 நிமிடம் முந்தியது.

லும்பினியில் இரண்டு இரவு. மாயாதேவி கோயிலுக்குள் பிறந்த இடத்தைக் குறிக்கும் கல் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, படம் எடுக்கக் கூடாது. வெளியே அசோகர் தூண். 1896-இல் வெளிப்பட்ட அந்தக் கல்வெட்டு, புத்தர் இங்கே பிறந்தார் என்பதையும், அதற்காக இந்த ஊருக்கு வரி குறைக்கப்பட்டதையும் சொல்கிறது. பக்கத்தில் புஷ்கரணிக் குளம். வடக்கே நீண்ட கால்வாய்க்குக் கிழக்கில் தேரவாத விகாரைகள், மேற்கில் மகாயான விகாரைகள். தூரம் அதிகம், நடக்க முடிந்தவர்கள் சைக்கிள் எடுங்கள், பெரியவர்களுக்கு மின்ரிக்‌ஷா.

அங்கிருந்து பைரவா விமான நிலையம் பக்கம், காத்மாண்டுவுக்கு அரை மணி நேரப் பறப்பு. பனிக்காலத்தில் அந்தச் சின்ன விமானங்கள் அடிக்கடி ரத்தாகும். அதனால் கோலாலம்பூர் விமானத்தை அதே நாளில் வைக்காதீர்கள், காத்மாண்டுவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். எஞ்சிய நேபாள ரூபாயை அங்கேயே மாற்றிவிடுங்கள், சுங்கை பட்டாணியில் யாரும் வாங்கமாட்டார்கள். கோலாலம்பூரில் இறங்கியதும் சுங்கை பட்டாணிக்கு இ.டி.எஸ். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால், அசதியோடு பேருந்து நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்காது.